கிண்ணியில் மருந்து இல்லை

என் தம்பி நெவின் கடைசியாக என் வீட்டுக்கு வந்தது ஓர் இறகு பிடுங்கத்தான். அடுப்புச் சாம்பலைத் தட்ட, உலர்ந்த வாத்துச் சிறகு ஒன்றை அடுக்களை ஆணியில் மாட்டி வைத்திருப்பேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், சனிக்கிழமை மதியம். பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்து, நேரே சிறகிடம் போனான்.

"ஏற்கனவே பாதி மொட்டையா நிக்குது. இன்னும் எத்தனைதான் பிடுங்குவ?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு லெட்டி. நேத்து வச்சது பனியில விழுந்துடுச்சு."

"பல்லு குத்துற குச்சிய வச்சுக்கயேன்."

"குச்சிய வச்சா கேலனுக்குப் புதுசா ஒண்ணு கெடச்ச மாதிரி ஆயிடும். இப்பவே என் துப்பாக்கிய கோழிக்கூண்டுங்கிறான். முட்டை போட்டுச்சாடான்னு தெனம் கேக்குறான்."

"போட்டுச்சா?"

"காலையில ஒரு பெட்டை மான் போட்டுச்சு. சுட்டேன். வேட்டைக் குடில்ல தொங்குது."

பன்றி எலும்பு போட்டுக் கொதிக்க வைத்த பீன்ஸ் சாற்றை நின்றபடியே குடித்தான். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று, பன்றிக்கறியும் சோளமாவும் கிளறி இறுக வைத்த கட்டியிலிருந்து நான் வெட்டிக் கொடுத்த துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் திணித்தான். வாசலில் நின்று பேச ஆரம்பித்தவனிடம், "குளிர் உள்ள வருது, கதவச் சாத்திட்டுப் போ" என்றேன். சாத்திவிட்டுப் போனான்.

எங்கள் பென்சில்வேனியாவில் மற்ற வேட்டைக் காலமெல்லாம் முடிந்த பிறகு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி, சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கென்று சில வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேறு துப்பாக்கி கூடாது. தொலைநோக்கி கூடாது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக்குண்டைக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணி. அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால், குதிரை என்கிற சுத்தி கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி விழும். கிண்ணி பற்றி, ஓர் ஊசித்துளை வழியாக நெருப்பு உள்ளே போகும். பனி, ஈரம், காற்று எது பட்டாலும் பற்றாது. ஆண்கள் அதற்காகவே அதை விரும்பினார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து, ஏன் வெடிக்கவில்லை என்று மணிக்கணக்காகப் பேசலாம்.

கெட்டித்ததைச் சுடாமல் வெளியே எடுப்பது பெரிய வேலை. சுட்டுவிட்டாலோ, குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீர் அழுகிய முட்டை போல நாறும். அதனால் மான் கிடைக்காத நாளில், கிண்ணியில் இருக்கும் சிட்டிகையை மட்டும் தட்டிவிட்டு, உள்ளே கெட்டித்ததை அப்படியே வைத்துத் துப்பாக்கியை ராத்திரி மாட்டிவிடுவார்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. வேட்டை உரிமத்தோடு தரும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது: கிண்ணியில் மருந்து இல்லையென்றால், அது கெட்டிக்காத துப்பாக்கி. குழலுக்குள் ஒரு கை மருந்தும், அதன்மேல் சுண்டைக்காய் அளவு ஈயமும் இருந்தாலும் அது காலிதான். வண்டியில் வைக்கலாம், சுவரில் சாய்க்கலாம்.

நெவினுக்கு அது போதவில்லை. கெட்டித்த துப்பாக்கியை மாட்டும்போது ஊசித்துளையில் ஓர் இறகைச் செருகி வைப்பான். இறகு இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது, தொடாதே. எங்கள் அப்பா அப்படித்தான் செய்தார். குடிலில் இப்போது அப்படிச் செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

கேலன் பிக்கல் விதிப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறவன். நாற்பது வருடம் நெவினோடு வேட்டைக்குப் போனவன். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் குடிலில் விதிகளை உரக்கப் படிப்பான். மற்றவர்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டு கேட்பார்கள். தன் சித்தப்பா மகனையே, பொழுது விழுந்த பிறகு சுட்டான் என்று அதிகாரியிடம் பிடித்துக் கொடுத்தான். தீயணைப்புக் கூடத்தில் இலையுதிர் காலத்தில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவனும் அவன்தான். எப்போதும் எலுமிச்சை மிட்டாய் ஒன்று வாயில் உருளும். சொல்வதையெல்லாம் அதன் மேல் ஏற்றித்தான் சொல்வான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குடிலில் நடந்ததை எனக்குச் சொன்னவர் ஹார்வி மோயர். வேட்டைச் சங்கத்தின் தலைவர், எங்களில் மூத்தவர். என் அடுக்களையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார்.

"நெவின் அடுப்பண்ட நின்னு நீ கொடுத்தத வறுத்துக்கிட்டு இருந்தான். நான் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தேன். கேலன் சுவத்துலேர்ந்து தன் துப்பாக்கிய எடுத்து, புதுக் கல்லு மாட்டி, பொறி நல்லா விழுதான்னு தட்டிப் பாத்தான். அது எல்லாரும் செய்யிறதுதான் லெட்டி. தெனம் செய்யிறதுதான்."

"கெட்டிச்ச துப்பாக்கியிலயா?"

"காலையில கெட்டிச்சான். சுடல. திரும்பி வந்ததும் கிண்ணியத் தட்டி விட்டுட்டான். அதோட அவனுக்கு அது காலி. நாள் பூரா காட்டுல குலுங்கினதுல உள்ள இருந்த பொடி துளை வழியா கிண்ணிக்குக் கசிஞ்சிருக்கும். பொறி பட்டதும் வெடிச்சிடுச்சு."

"இறகு?"

"அவன் எங்க இறகு வச்சான்."

ஹார்வி தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"சத்தம் அடங்கினதும் மொதல்ல என் காதுல விழுந்தது என்னன்னு சொல்லட்டுமா? ஐயோன்னு இல்ல. நெவின்னு இல்ல. 'காலி! அது காலி! கிண்ணியில மருந்து இல்ல!' இதத்தான் கேலன் கத்தினான். கீழ விழுந்து கெடந்தவனப் பாத்துக் கத்தினான். அவன்கிட்ட வாதாடுற மாதிரி."

ஆம்புலன்ஸில் வந்தவர்களிடமும் அதையே சொன்னான். போலீஸிடமும் பாதிரியாரிடமும் சொன்னான். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். வேட்டை நேரம் முடிந்துவிட்டதால் அது வேட்டையில் நடந்ததல்ல. விதிப்படி துப்பாக்கி கெட்டிக்கப்பட்டதல்ல. ஆகவே விபத்து. என் தம்பியின் தோள்பட்டைக்குக் கீழே நான் என் கட்டைவிரலை வைக்கக்கூடிய ஓட்டை இருந்தது. அது எந்த விதியிலும் வரவில்லை.

அடக்கத்தன்று தரை கல்லாக உறைந்திருந்தது. எங்கள் பக்கம் சாவுச் சாப்பாட்டுக்கு உலர்திராட்சையை மாவில் மூடிச் சுடுவார்கள். கேலனின் மனைவி இரண்டு தட்டு கொண்டுவந்தாள். நன்றாகச் சுட்டிருந்தாள். ஓரம் மடிப்பெல்லாம் அழகு. வரிசையில் வந்த கேலன், நெவினின் மனைவி ஃபெர்னின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஃபெர்ன், ஆண்டவன் சாட்சியாச் சொல்றேன். அது காலி."

"காலின்னா, நெவின் எங்க?" என்றாள் ஃபெர்ன்.

அவன் அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தான். மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஃபெர்னும் நானும் சேர்ந்து செய்யும் தொழில், ஊரார் சுட்ட மானை வெட்டிக் கொடுப்பது. என் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. அவள் தோலுரித்து எலும்பு பிரிப்பாள். நான் கொழுப்பை வழித்து, அரைத்து, காகிதத்தில் கட்டிப் பெயர் எழுதுவேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே கொட்டகையைத் திறந்துவிட்டோம். மற்றவர்களின் மான் தொங்கிக்கொண்டிருந்தது. இறைச்சி துக்கத்துக்காகக் காத்திருக்காது.

அன்று கேலனின் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. ஹார்வியும் கூட இருந்தார். வண்டியில் நெவின் சுட்ட பெட்டை மான், காதில் அவன் கையெழுத்திட்ட சீட்டோடு. விறைத்துப் போயிருந்தது.

"வீணாப் போயிடக் கூடாதுல்ல," என்றான் கேலன். "அப்புறம் ஃபெர்ன், மான் சுட்டா பத்து நாளைக்குள்ள அரசாங்கத்துக்கு அட்டை அனுப்பணும். நெவினால முடியாதுல்ல, நானே எழுதிட்டேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

ஃபெர்ன் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அனுப்பலன்னா?"

"அபராதம். அவன் பேருக்கு ஒரு கறை வேணாமேன்னு பாக்குறேன்."

பதினைந்து வயதிலிருந்து குடலை உருவுகிறவள் நான். வயிற்றில் குண்டு பாய்ந்து, நாள் கடந்து வந்த மானைத் திறந்திருக்கிறேன். அதையெல்லாம் தொட்டவளுக்கு, அந்தச் சுத்தமான அட்டையைத் தொட மனம் வரவில்லை.

"கறைன்னா என்னன்னு நான் சொல்றேன்," என்றாள் ஃபெர்ன். "தீவனக் கடையில பேசிக்கிறாங்களாம். காலித் துப்பாக்கி எப்படிப்பா ஆளக் கொல்லும், நெவினே எதையோ எடக்குமுடக்கா நோண்டியிருப்பான், அவன்தான் இறகு அது இதுன்னு வெளையாடிக்கிட்டே இருப்பானேன்னு. என் காதுபடவே சொன்னாங்க. நீ காலின்னு சொல்லச் சொல்ல, தப்பு அவன் மேல போயி ஒக்காருது கேலன்."

"நான் அப்படிச் சொல்லலையே!"

"நீ சொல்ல வேணாம். அதுவாப் போகுது. நான் உன்ன ஜெயில்ல போடச் சொல்லல. உன் உரிமத்தப் பிடுங்கச் சொல்லல. ஒரே வார்த்த கேக்குறேன். கெட்டிச்சிருந்துச்சுன்னு சொல்லு. ஊருக்கு முன்னாடி சொல்லு."

கேலன் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.

"விதி என்ன சொல்லுதுன்னா..."

"விதிகிட்ட நான் கேக்கல. உன்கிட்ட கேக்குறேன்."

"ஃபெர்ன், எனக்கு வருத்தம் இல்லைன்னு நெனைக்காத. தூக்கம் வரல. ஆனா இல்லாததச் சொன்னா அது பொய்யாயிடும். என் வாழ்க்கையில நான் பொய் சொன்னதில்ல. பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான்."

"இன்னும் எடுக்கப் போறியா?" என்றேன் நான்.

"ஏன் எடுக்கக் கூடாது? நான் எந்த விதியையும் மீறலையே லெட்டி."

ஹார்வி தொண்டையைச் செருமினார். "பிப்ரவரியில சங்கத்து விருந்து இருக்கு. நெவினுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிக்கலாம்னு இருக்கோம். ரெண்டு பேரும் வாங்க. அங்க வச்சுப் பேசிக்கலாம்."

"பேசுவானா?" என்று ஃபெர்ன் ஹார்வியைக் கேட்டாள். பக்கத்தில் நின்றவனைக் கேட்கவில்லை.

ஹார்வி மானின் காலைப் பிடித்து இழுத்து இறக்கத் தொடங்கினார்.

ஃபெர்ன் அந்த மானை வெட்டினாள். நான் வேண்டாமென்றேன். "அவன் சுத்தமாச் சுட்டிருக்கான் பாரு, ஒரு துண்டு வீணாகல," என்றாள். பொட்டலங்களில் நான் பெயர் எழுதவில்லை. எல்லாவற்றையும் சாலைக்கு அப்பாலிருந்த, பிள்ளைகள் நிறைய உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

விருந்தன்று காலையில் பனிமழை. மரக்கிளையெல்லாம் கண்ணாடி பூசியது போல நின்றது. ஃபெர்னை அழைத்துக்கொள்ள வண்டியை நிறுத்தினேன். அவள் ஒரு நீளமான பழைய போர்வைச் சுருட்டோடு வந்து, அதைப் பின்னிருக்கையில் கிடத்தினாள்.

"என்ன அது?"

"நெவினோட துப்பாக்கி. குடில்லேர்ந்து கொண்டுவந்து குடுத்தாங்கல்ல, அதுலேர்ந்து துவைக்கிற அறையிலதான் தொங்குது. மானச் சுட்டதும் அவன் திரும்பக் கெட்டிச்சிருக்கான். இறகு இருந்துச்சு."

"ஃபெர்ன்!"

"பயப்படாம ஓட்டு. கிண்ணியில மருந்து இல்ல. சட்டப்படி வண்டியில எடுத்துட்டுப் போலாம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

தீயணைப்புக் கூடத்தில் நீள மேசைகள். பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் வேகும் வாடை, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை. புதிதாக வந்த வேட்டை அதிகாரி ஒருவர், சின்ன வயசு, முன்மேசையில் ஹார்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேலன் எதிரே முதல் வரிசையில். எல்லோரும் எங்களிடம் மெதுவாகப் பேசினார்கள். தட்டில் கறியை அதிகமாக வைத்தார்கள். கோசு போதுமா என்று வந்து வந்து கேட்டார்கள். நெவினுக்காக எழுந்து நின்றார்கள். நிற்கும்போது ஒருவர் பல்லிடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்.

பிறகு ஹார்வி வருட நிகழ்ச்சிகளை வாசித்தார். கெட்டிக்கப்படாத ஒரு துப்பாக்கி எதிர்பாராமல் வெடித்ததில் நம் சகோதரர் நெவின் ஷைவ்லி மறைந்தார் என்று ஒரு வரி. ஆட்சேபம் உண்டா என்று வழக்கப்படி கேட்டார்.

"உண்டு," என்றாள் ஃபெர்ன்.

போர்வைச் சுருட்டைத் தூக்கிக்கொண்டு முன்மேசைக்குப் போனாள். பிரித்தாள்.

"தம்பி," என்றாள் அதிகாரியைப் பார்த்து, "இது கெட்டிச்சதா காலியான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்து மூடியைத் திறந்து கிண்ணியைப் பார்த்தார். விரலால் தடவினார். குதிரையைப் பார்த்தார். அங்கே கொஞ்சம் நிறுத்தி, ஃபெர்னின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள்.

"கிண்ணியில மருந்து இல்லம்மா," என்றார். "விதிப்படி கெட்டிக்காதது."

"காலி?"

"விதிப்படி."

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள். துப்பாக்கியை மேசைமேல் கிடத்தினாள். உப்புக் குப்பியைத் தள்ளிவிட்டு, குழலின் வாய் முதல் வரிசையைப் பார்க்கும்படி திருப்பினாள். திருப்பிவிட்டு, கையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

முதலில் ஒருவர் எழுந்தார். நாற்காலிக் கால்கள் தரையில் கீறின. இடப்பக்கம் இருந்தவர்கள் இடப்பக்கமும், வலப்பக்கம் இருந்தவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கினார்கள். யாரும் ஓடவில்லை. தண்ணீர் எடுக்கப் போவது போல, கோட்டை மாட்டப் போவது போல எழுந்தார்கள். குழலுக்கு நேரே, சமையலறைக் கதவு வரை ஒரு சந்து உண்டாகிவிட்டது. கேலன் குழலுக்கு நேரே, ஒரு பக்கம் சுவர் இடிக்க உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு ஒதுங்க இடமில்லை. மறுபக்கம் இருந்தவர் நகர மறந்து நின்றார்.

"ஏன் எல்லாரும் எந்திரிக்கிறீங்க?" என்றாள் ஃபெர்ன். "காலித் துப்பாக்கி. அதிகாரியே சொல்லிட்டாரு. கேலன், நீயாச்சும் ஒக்காரு."

"குழலத் திருப்பு ஃபெர்ன்."

"எதுக்கு?"

"வெளையாடாத. திருப்பு."

"வெளையாடலையே. கிண்ணியில மருந்து இல்ல. பாத்தல்ல?"

"அடியேய், அது கெட்டிச்சிருக்கு!" என்று கத்தினான் கேலன். மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்ததில், தட்டு கவிழ்ந்து கோசும் சாறும் அவன் மடியில் கொட்டியது. "கெட்டிச்ச துப்பாக்கிய ஆளப் பாத்து வைக்கிறியே, உனக்கு அறிவிருக்கா!"

சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் ஃபெர்ன்.

அவன் வாய் திறந்திருந்தது. நாக்கின் மேல் அந்த மஞ்சள் மிட்டாய் பளபளத்தது. திரும்பச் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து, குனிந்து, காற்சட்டையிலிருந்து கோசை வழித்து வழித்துத் தட்டில் போட்டான். தன் உயிருக்கு ஆபத்து என்றதும் அந்த வார்த்தை எவ்வளவு சுளுவாக வெளியே வந்தது! நெவினுக்காக இரண்டு மாதமாக வரவில்லை. அவன் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. ஒரு புழு நெளிந்து முடிப்பதற்காகக் காத்திருப்பது போல இருந்தது.

அதிகாரிதான் துப்பாக்கியை எடுத்தார். குழலைக் கூரைப் பக்கம் பிடித்து, போர்வையில் சுற்றி, ஃபெர்னின் கையில் கொடுத்தார். "வெளியில மண்மேட்டப் பாத்து நான் சுட்டுக் காலி பண்ணித் தரட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம். நாங்க பாத்துக்கிறோம்."

வண்டியில் ஏறியதும் கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து வண்டியின் முன்தட்டில் வைத்தாள். சக்கிமுக்கிக் கல். கிளம்புவதற்கு முன்பே குதிரையின் வாயிலிருந்து கழற்றி வைத்திருக்கிறாள். அந்தத் துப்பாக்கி எப்படித் தட்டினாலும் பொறி விழாது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நாற்பது வருட வேட்டைக்காரர்கள் ஒருவருக்கும் குதிரையைப் பார்க்கத் தோன்றவில்லை. குழலைத்தான் பார்த்தார்கள்.

"சொல்லிட்டான்," என்றாள்.

"தன் உயிருக்காகச் சொன்னான்."

"தெரியும் லெட்டி. ஆனா தீவனக் கடைக்காரன் அங்கதான் இருந்தான். கேட்டான்ல?"

"கேட்டான். அவன்தான் மொதல்ல எந்திரிச்சான்."

அதற்குப் பிறகு யாரும் நெவினைப் பற்றி அப்படிப் பேசியதாக எங்கள் காதுக்கு வரவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது. சங்கத்தின் வரியை மாற்றவில்லை. ஆட்சேபத்தை முறைப்படி எழுதிக் கொடுக்கவில்லை என்றார்கள். இலையுதிர் காலம் வந்ததும் கேலன் வகுப்பு எடுத்தான். ஊர்ப் பிள்ளைகள் போனார்கள். வேறு யார் எடுப்பது என்று ஹார்வி என்னிடம் கேட்டார். வேறு ஆள் கிடையாது என்று தெரிந்துதான் கேட்டார். ஃபெர்ன் அதன் பிறகு பிக்கல் வீட்டு மானை வெட்டுவதில்லை. அவர்கள் ஆற்றுக்கு அப்பால் வேறொருவரிடம் கொண்டுபோகிறார்கள். அங்கே கொழுப்பைச் சரியாக வழிப்பதில்லை என்று கேள்வி.

எங்கள் தேவாலயத்தில் இருக்கைகளுக்குப் பெயர் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரமாட்டார். ஷைவ்லிகளான எங்களுக்கு இடப்பக்கம் ஐந்தாம் வரிசை. எங்களுக்கு நேர் முன்னால், நான்காம் வரிசையில், ஒவ்வொரு ஞாயிறும் கேலன் பிக்கல்.